ரோட்டில் ஓட்டினால் வழக்கு, ட்ராக்கில் ஓட்டினால் கோப்பை: அம்பத்தூர், ஆவடி கார் பிரியர்களுக்கு வழி எங்கே?

ராத்திரி 11.30 மணி. அம்பத்தூர் சி.டி.எச். ரோட்டை ஒட்டிய தெரு. இப்பத்தான் குழந்தை தூங்கியிருக்கு. அப்போ பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், பின்னாடியே இன்னும் நாலு. குழந்தை எழுந்துடுச்சு, தெருநாய் எல்லாம் குரைக்குது, பால்கனியில் வந்து நின்ன மனுஷன் திட்டுறார்.

அந்த காருக்குள்ள இருக்கிறவர் பெரும்பாலும் ரவுடி கிடையாது. பகல் முழுக்க ஒரு பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்துட்டு, தவணையில் வாங்கின பழைய ஹேட்ச்பேக்கை ஆசையாகப் பார்த்துப் பார்த்து மாத்தினவரா இருக்கலாம். ஆனா சட்டத்தின் கண்ணில் அந்த ஒரு சத்தத்துக்கு சிறைத்தண்டனை வரைக்கும் இடம் இருக்கு.

இன்னொரு பக்கம், பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் அரை மணி நேரத் தொலைவில், இருங்காட்டுக்கோட்டையில் அதே வேகத்துக்குக் கோப்பை கொடுக்கிறாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் என்ன? அதை ஒரு சாதாரண கார் பிரியர் கடக்க முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு கார் மோகம்?

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. இன்றைக்கும் அதன் லேத் பட்டறைகளில் வாகன உதிரிபாகம்தான் முக்கியமான வேலை. ஆவடியில் 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் ராணுவ டாங்கியே தயாராகுது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளியே வருது.

அப்பா டர்னர், மாமா வெல்டர், அண்ணன் குவாலிட்டி செக்கிங் என்று இருக்கிற வீட்டுப் பையனுக்கு வண்டியைக் கழற்றி மாட்டுவது சாதாரண விஷயம். சாமான் வேணும்னா அண்ணா சாலை பக்கம் ஜி.பி. ரோடு இருக்கு, பழைய பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டை இருக்கு. டி.என் 12, டி.என் 13 நம்பர் பிளேட் வண்டிகளில் வித்தியாசமான சத்தம் கேட்டா, அது வானத்தில் இருந்து குதிச்சது இல்லை. இந்த மண்ணில் இருக்கிற தொழில் அறிவுதான், இடம் தெரியாம வெளியே வருது.

சைலன்சருக்குள் என்ன இருக்கு?

சைலன்சர் என்று நாம் சொல்வது ஒரே ஒரு டப்பா இல்லை. எஞ்சினில் இருந்து வரிசையாக வந்தால்:

* மேனிஃபோல்டு அல்லது ஹெடர்: ஒவ்வொரு சிலிண்டரில் இருந்தும் வரும் புகையை ஒன்று சேர்க்கும் குழாய்.
* கேட்டலிடிக் கன்வெர்ட்டர்: பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற அமைப்பு. கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை ஆபத்து குறைந்தவையாக மாற்றும். இதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும்.
* ரெசொனேட்டர்: குறிப்பிட்ட சில அலைவரிசை சத்தத்தை மட்டும் அடக்கும்.
* மஃப்ளர்: கடைசியில் இருக்கும் பெரிய டப்பா. உள்ளே அறைகளும் ஓட்டை போட்ட குழாய்களும் இருக்கும். மொத்த சத்தத்தையும் குறைப்பது இதுதான்.

மஃப்ளரை மட்டும் மாற்றுவது ஒரு ரகம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் முழுக் குழாயையும் மாற்றுவது இரண்டாவது ரகம். கன்வெர்ட்டரையே எடுத்துவிடுவது மூன்றாவது. முதல் ரகம் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுக்கும். மூன்றாவது ரகம் அவர் நுரையீரலையும் சேர்த்துக் கெடுக்கும்.

சத்தம் கூடினா பவர் கூடுமா?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. நம்ம ஊரில் அதிகம் ஓடுவது 1.0, 1.2 லிட்டர் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்கள். அதில் மஃப்ளரை மட்டும் மாற்றினால் கிடைக்கும் கூடுதல் சக்தி, ஸ்டியரிங் பிடிச்சு உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாத அளவுதான். சத்தம் கூடுவதால் வேகமாகப் போற மாதிரி ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான்.

தேவைக்கு மேல் பெரிய குழாய் போட்டால் இன்னொரு சிக்கல். புகை வெளியேறும் வேகம் குறைந்து, குறைந்த ஆர்.பி.எம்-மில் இழுவை போய்விடும். சிக்னலில் கிளம்பும்போது வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கும். கன்வெர்ட்டரை எடுத்தால் சென்சார் அதைக் கண்டுபிடித்து டேஷ்போர்டில் 'செக் எஞ்சின்' விளக்கைப் போடும். அந்த விளக்கை அணைக்க ஈ.சி.யூ-வில் கை வைக்கணும். ஒன்றைத் தொட்டால் அடுத்தது, அதைத் தொட்டால் இன்னொன்று என்று செலவு நீண்டுகிட்டே போகும்.

பட்டாசு மாதிரி வெடிக்குதே, அது என்ன? ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய் அங்கே பற்றிக்கொள்ளும் சத்தம். இதில் வேகம் ஒரு துளிகூடக் கூடாது. பெட்ரோல் வீண், கன்வெர்ட்டரும் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும்.

டர்போ எஞ்சின்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே முறையாக எக்சாஸ்ட் மாற்றி, ஈ.சி.யூ டியூனிங்கும் செய்தால் உணரக்கூடிய வித்தியாசம் கிடைக்கும். ஆனா அதுவும் பொதுச் சாலையில் சட்டப்படி செல்லாது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 2019-ல் திருத்தப்பட்ட பிறகு தண்டனைகள் கடுமையாகிவிட்டன. கார் பிரியர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பிரிவுகள் இவை:

* பிரிவு 52: ஆர்.சி-யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது.
* பிரிவு 182ஏ(4): அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும்.
* பிரிவு 190(2): சத்தம், புகை, சாலைப் பாதுகாப்பு விதிகளை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதி போகும்.
* பிரிவு 189: மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் விட்டாலோ, ரேஸுக்கு அனுமதித்தாலோ முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.
* பிரிவு 199ஏ: 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

மத்திய மோட்டார் வாகன விதி 120-ன்படி எல்லா வண்டிக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம். 2005 முதல் புதிய பயணிகள் கார்களுக்கான சத்த வரம்பு 74 டெசிபல். இது கார் கம்பெனி சோதனையில் பாஸ் ஆக வேண்டிய அளவு.

டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை என்பதையும் கவனிக்கணும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும், நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். '74-க்கும் 94-க்கும் 20தானே வித்தியாசம்' என்று யாராவது சொன்னால், அந்த 20-க்குள் 100 மடங்கு ஆற்றல் இருக்கு என்று அர்த்தம்.

'நான் மாத்தலை, வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு!'

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க அடிக்கடி சொல்லும் பதில் இது. ஆனா மேலே இருக்கும் ரெண்டு பிரிவுகளையும் மறுபடி படிங்க. 182ஏ(4) மாற்றம் செய்த உரிமையாளருக்கு. 190(2) ஓட்டுபவருக்கு. மாற்றியது யாராக இருந்தாலும், விதியை மீறும் வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தவர்தான் நிறுத்தப்படுவார்.

கால் டாக்ஸியோ, ஆக்டிங் டிரைவர் வேலையோ, டெலிவரியோ பார்க்கிறவருக்கு 3 மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் 3 மாதச் சம்பளம் இல்லை. ரூ.10,000 அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி. இதை சைலன்சர் மாட்டிவிடும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அப்போ எல்லா மாடிஃபிகேஷனும் தப்பா?

இல்லை. இதில் 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு முக்கியம். கேரளாவில் இருந்து வந்த வழக்கு அது. உற்பத்தியாளரின் அடிப்படை விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அதே நேரம், அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி கிட், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றங்கள் போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ வழியாக வழி இருக்கு. நிறம் மாற்றினால் ஆர்.சி-யில் பதிவு செய்யணும். சீட் கவர், மியூசிக் சிஸ்டம், தரைவிரிப்பு மாதிரி விஷயங்களுக்கு யாரும் உங்களை நிறுத்தப்போவதில்லை. சத்தம், புகை, வண்டியின் கட்டமைப்பு ஆகிய மூன்றைத் தொடும்போதுதான் வழக்கு வருது.

ரோட்டில் ரேஸ்: விலை என்ன?

வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, சென்னை பைபாஸ், பெங்களூரு நெடுஞ்சாலை. அகலமான ரோடு, ராத்திரியில் கூட்டம் குறைவு. ஆனா 'காலி ரோடு' என்று ஒன்று கிடையாது. சர்வீஸ் ரோட்டில் இருந்து லைட் இல்லாமல் ஏறும் சைக்கிள், நைட் ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கும் பெண்கள், ஓரமாக நிறுத்திய லாரி, படுத்திருக்கும் மாடு எல்லாம் அதே ரோட்டில்தான் இருக்கு.

2023 செப்டம்பர் 17 நினைவிருக்கா? காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில், இதே பெங்களூரு நெடுஞ்சாலையில், பிரபல பைக் யூடியூபர் ஒருவர் வீலிங் செய்தபோது விபத்தில் சிக்கினார். கைது, சிறை, கடைசியில் 10 ஆண்டுகளுக்கு லைசென்ஸ் ரத்து. சென்னையில் இருந்து தாமல் போகும் வழியில்தான் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் இருக்கு. சாகசத்துக்கு வேலி போட்ட இடத்தைத் தாண்டிப் போய், வேலி இல்லாத ரோட்டில் அது நடந்தது.

சோழவரத்தில் இருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

ரேஸுக்குத் தனி இடம் வேணும் என்ற யோசனை சென்னைக்குப் புதுசு இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். செங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. பல வருடங்கள் கார், பைக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. உங்கள் வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் சோழவரம் ரேஸ் பற்றிக் கேட்டுப் பாருங்க, கண் விரியும்.

பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ட்ராக் வந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். தேசிய கார், பைக் பந்தயங்களோடு, நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸும் இங்கே நடந்திருக்கு.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்ததையும் பார்த்தோம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அரசு நினைத்தால் நகரத்தின் நடுவில் 3.5 கிலோமீட்டர் ரோட்டையே ரேஸ் ட்ராக்காக மாற்ற முடியும் என்று அது காட்டியது. ஆனா அது டிக்கெட் எடுத்துப் பார்க்கும் பந்தயம். ஆவடிப் பையன் தன் சொந்த காரை ஓட்ட அதில் இடம் இல்லை.

ஆட்டோகிராஸ், ராலிகிராஸ்: என்ன வித்தியாசம்?

சாதாரண ஆளுக்கு உண்மையான வாசல் இங்கேதான் இருக்கு.

ராலிகிராஸ் டிவிக்காகவே பிறந்த பந்தயம் என்று சொல்லலாம். 1967 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிடன் ஹில் மைதானத்தில், டிவி ரசிகர்களுக்காக முதல் போட்டி நடந்தது. சுமார் ஒரு கிலோமீட்டர் ட்ராக்கில் பாதி தார், பாதி மண். பல கார்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். சில நிமிடங்களில் ஒரு ரேஸ் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் ஒரு முறை 'ஜோக்கர் லேப்' என்ற மாற்றுப் பாதையில் போயே ஆகணும். 2014-ல் இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே தொடங்கியது.

ஆட்டோகிராஸ் இதைவிட எளிது. மண் மைதானத்தில் கூம்புகளும் கொடிகளும் வைத்துத் தற்காலிகப் பாதை போடுவார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. பக்கத்துக் காரோடு முட்டி மோதுவது இல்லை. வளைவுகள் அதிகம் என்பதால் வேகம் குறைவு. 1.2 லிட்டர் காரிலேயே வித்தை காட்டலாம். மண்ணில் வண்டி வழுக்கும்போது எப்படிப் பிடிப்பது, பிரேக்கை எப்போது விடுவது என்பதையெல்லாம் ரோட்டில் யாரும் கற்றுத்தர மாட்டார்கள். இங்கே ஒரே நாளில் புரியும்.

இந்தியாவில் இதையெல்லாம் நிர்வகிப்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தேசிய ஆட்டோகிராஸ், ராலி, டிராக் ரேஸ் சாம்பியன்ஷிப்கள் இதன் அனுமதியோடு நடக்கின்றன. கலந்துகொள்ள டிரைவிங் லைசென்ஸ் மட்டும் போதாது, இந்த அமைப்பின் போட்டி லைசென்ஸும் வேணும். ஹெல்மெட், சீட் பெல்ட், ரோல் கேஜ் விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். பணம் கட்டும் முன் அந்தப் போட்டியின் விதிமுறையை முழுசா படிக்கணும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் உஷார்!

நம் கார் இன்சூரன்ஸ் பத்திரத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இந்த பாலிசி செல்லாது என்று அதில் எழுதியிருக்கும். அதாவது, சட்டப்படி நடக்கும் ஆட்டோகிராஸில் வண்டி உருண்டாலும் ரிப்பேர் செலவு உங்களுடையது.

தினமும் வேலைக்குப் போகும் ஒரே காரை, தவணை முடியாத காரை, போட்டிக்குக் கொண்டுபோகும் முன் இதை யோசிக்கணும். அனுபவசாலிகள் சிலர் தனியாக ஒரு பழைய காரை வாங்கி, அதைப் போட்டிக்காக மட்டும் தயார் செய்வது இதனால்தான். அந்த வண்டியும் லாரியில் ஏறித்தான் மைதானத்துக்குப் போகணும். போட்டிக்காக மாற்றிய காரை ரோட்டில் ஓட்டிப்போனால் மேலே சொன்ன எல்லாப் பிரிவுகளும் அதுக்கும் பொருந்தும்.

ட்ராக்கில் ஆபத்தே இல்லையா?

இருக்கு. 2023 ஜனவரி 8-ல் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய கார் பந்தயத்தில், 59 வயதான மூத்த வீரர் கே.இ. குமார் விபத்தில் உயிரிழந்தார். பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தான். அத்தனை சின்ன வயதில் எந்த அளவுக்கு வேகத்தை அனுமதிக்கலாம் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

அதனால் 'ட்ராக்குக்குப் போனா சேஃப்' என்று யாரும் சொல்ல முடியாது. ஆனா ட்ராக்கில் ஆம்புலன்ஸ் நிற்கும், கொடி காட்ட மார்ஷல் இருப்பார், எதிரே வண்டி வராது. ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவர் மட்டும்தான் உள்ளே இருப்பார். ரோட்டில் ஒருவர் எடுக்கும் ரிஸ்க்குக்கு, சம்பந்தமே இல்லாத இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

கதவு ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?

தமிழ்நாட்டில் திறமைக்குக் குறை இல்லை. 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் கோவை நரேன் கார்த்திகேயன். 2010-ல் இரண்டாவதாக வந்தவர் சென்னை கருண் சந்தோக். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது ஊரே கொண்டாடியது.

ஆனா கவனிச்சுப் பார்த்தா, பெரும்பாலும் இந்த விளையாட்டுக்குள் வருகிறவர்களுக்கு ஒன்று வீட்டிலேயே ரேஸ் பின்னணி இருக்கும், இல்லைன்னா கையில் பணம் இருக்கும். டயர், ஹெல்மெட், என்ட்ரி ஃபீஸ், லாரி வாடகை எல்லாம் சேர்ந்தா மாதச் சம்பளக்காரருக்கு எட்டாது. அம்பத்தூர் பட்டறையில் ரேஸ் காருக்கு பிராக்கெட் வெல்டிங் செய்து கொடுப்பவர், அந்த காரை ஓட்டும் வாய்ப்பு ரொம்பக் குறைவு.

ஒரு பையன் ரூ.5,000, ரூ.10,000 கொடுத்து மஃப்ளர் மாற்றுவது ஏன் என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கு. அவன் கைக்கு எட்டும் ஒரே மோட்டார் ஸ்போர்ட் அதுதான்.

என்ன செய்யலாம்?

2022 ஜனவரி முதல் ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனரேட் இருக்கு. சோதனை, அபராதம், பறிமுதல் எல்லாம் தேவைதான். தூக்கம் கெட்ட அந்தக் குழந்தையின் பக்கம் நிற்க வேண்டியது போலீஸின் வேலை. ஆனா அபராதம் ஆசையை அழிப்பதில்லை, அடுத்த ரோட்டுக்குத் துரத்துது.

ஆட்டோகிராஸுக்கு 3.7 கிலோமீட்டர் தார் ட்ராக் தேவை இல்லை. வீடுகள் இல்லாத இடத்தில் ஒரு மண் மைதானம், மார்ஷல்கள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, முறையான அனுமதி போதும். மாதம் ஒரு ஞாயிறு, குறைந்த கட்டணத்தில், ஹெல்மெட்டை வாடகைக்குக் கொடுத்து நடத்தினால் வெளிவட்டச் சாலையில் நிற்கும் கூட்டத்தில் ஒரு பகுதியாவது அங்கே வரும். ஃபார்முலா 4-க்கு நகரத்தையே திறந்த அரசுக்கும், இந்தப் பகுதியில் சம்பாதிக்கும் வாகன நிறுவனங்களுக்கும், இங்கே இருக்கும் கிளப்புகளுக்கும் இது பெரிய செலவு இல்லை.

அது வரும் வரை கார் பிரியர்கள் செய்ய வேண்டியது மூன்று விஷயம்:

1. கழற்றின ஒரிஜினல் சைலன்சரை புதுப்பேட்டையில் விற்காதீங்க. இன்னும் வீட்டில் இருந்தால் இந்த வாரமே திரும்ப மாட்டுங்க.
2. பழைய கார் வாங்கும்போது எக்சாஸ்ட், ஈ.சி.யூ மாற்றம் இருக்கா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, ஆர்.சி-யோடு ஒப்பிடுங்க.
3. மஃப்ளருக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு ஆட்டோகிராஸ் போட்டிக்கோ, ட்ராக் பயிற்சிக்கோ போய்ப் பாருங்க. ஓட்ட முடியலைன்னா மார்ஷலாகத் தன்னார்வத் தொண்டு செய்யவும் கேட்டுப் பாருங்க. ட்ராக்கை மிகப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் அவர்தான்.